பலாப்பழம் பிடித்த சீட்

இன்று காலை கொல்லிமலையிலிருந்து நாமக்கல் கோர்ட்டுக்குப் போனோம். தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியவனுக்கு எதிராக எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி சாட்சி சொல்ல வேண்டிய நாள். துணைக்கு நானும் மகளிர் குழுவினரும்.

வழியில் வளப்பூர் நாடு நிறுத்தத்தில் அவனுடைய பெரியப்பா பஸ் ஏறினார். நேராக அவள் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டுக்கு வந்தார்.

"கண்ணு, கோர்ட்டெல்லாம் எதுக்கு? நமக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம் சாமி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. சாட்சியை மிரட்டுவது குற்றம் என்று ஆரம்பிக்க நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் குழுவின் செல்லம்மாக்கா, சந்தைக்குக் கொண்டுவந்த பலாப்பழத்தைத் தூக்கி அந்த சீட்டில் வைத்துவிட்டார்.

"ஆள் இருக்குதுங்க."

"ஏனுங்க, பழத்துக்கு சீட்டா?"

கண்டக்டர் திரும்பினார். "அதுக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்க. நீங்கதான் இன்னும் எடுக்கலீங்க."

பஸ்ஸே சிரித்தது. கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் பெரியப்பா கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். பாதி மலையில் வாந்தி வருவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். சமாதானப் பேச்சு அத்துடன் முடிந்தது.

மதியம் அவள் கோர்ட்டிலிருந்து வெளியே வந்தாள். "அக்கா, எல்லாத்தையும் சொல்லிப்புட்டேன்."

இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"பேரு போடாதீங்க. அவரு நின்னுக்கிட்டே வந்ததை மட்டும் விட்டுடாதீங்க."

விடவில்லை. உங்கள் ஊர் பஸ்ஸிலும் யாரையாவது நிற்க வைக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள், செல்லம்மாக்காவை அனுப்பி வைக்கிறேன்.