லாயாங் லாயாங்கில் இருப்பது துவரை அல்ல

ஜப்பான்காரன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ரயிலும் ஓரளவு ஒழுங்காக ஓடுகிறது. தோட்டங்களுக்குப் போய்ச் செடி பார்க்க ஆசைப்படும் பள்ளிக்கூட ஆசிரியர்கள் சிலர், லாயாங் லாயாங்குக்கு எப்படிப் போவது, அங்கே என்ன பார்க்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயணம் நடந்தது 1943 ஆகஸ்டில். அப்போது ஜப்பான் ஆண்டுக் கணக்கில் 2603 என்று எழுதச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் எழுதினேன். இப்போது எவன் சொன்னாலும் எழுதுவதாக இல்லை.

சண்டைக்கு முன்னால் எனக்குச் செடிகொடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயரெழுதி அடுக்கும் அரசாங்க வேலை. பூர்வீகம் யாழ்ப்பாணம். ஜோகூர் பாருவுக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. ஆட்சி மாறியபோது மேசையும் நாற்காலியும் அப்படியே இருந்தன, வாசலில் கொடி மட்டும் மாறியது. அந்த அலுவலகத்துக்கு லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் சாமிநாதன் ஒரு கடிதம் எழுதியிருந்தார். தோட்டத்தில் பதினோரு ஏக்கருக்குத் துவரை காய்த்துக் கிடக்கிறது, தொழிலாளர்களுக்குப் பருப்புக்குப் பஞ்சமே இருக்காது என்று.

எங்கள் ஜப்பானிய அதிகாரிக்கு வாயெல்லாம் பல். பருப்பு இருக்கிற இடத்துக்கு அரிசி எதற்கு, அடுத்த மாதம் முதல் அந்தத் தோட்டத்தின் பங்கீட்டு அரிசியைப் பாதியாக்கிவிடலாம் என்றார். அங்கே ஏற்கெனவே முக்கால் வயிறு மரவள்ளிக்கிழங்கு. செடியைப் பார்த்து, விவரம் எழுதி, "துவரை, உண்ணத் தகுந்தது" என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். என்னை அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி ரயில். எட்டு என்பது டோக்கியோ நேரம். நம்முடைய சூரியனுக்கு அது ஆறரை மணி. நாடு முழுக்கக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள், நான் என் கைக்கடிகாரத்தைத் திருப்பவில்லை. மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே மூன்றரை வருஷம் ஓட்டினேன். டிக்கெட் ஒரு வெள்ளி எண்பது காசு, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில். நாற்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரம்தான், ஆனால் விறகு போட்டு ஓட்டிய இன்ஜின் கூலாய் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் நின்று மூச்சு வாங்கியது. லாயாங் லாயாங்கில் இறங்கும்போது டோக்கியோவுக்கு மணி பன்னிரண்டே கால்.

ஸ்டேஷனிலிருந்து தோட்டம் ஐந்து மைல். மாட்டு வண்டிக்காரரிடம் கூலி கேட்டேன்.

"போறதுக்கு ரெண்டு வெள்ளி. வர்றதுக்கு, நீங்க வந்தா பேசிக்கலாம் லா" என்றார்.

"ஏன், வர மாட்டேனா?"

"இந்த ரோட்டுல ரெண்டு லோரி நெறைய ஆம்பளைங்க போனாங்க, ஐயா. சயாமுல ஜப்பான்காரனுக்கு ரயில் ரோடு போட. ஒருத்தரும் இன்னும் வரல." அதற்குப் பிறகு அவர் மாட்டோடு மட்டும்தான் பேசினார்.

தோட்டத்தில் இறங்கியதும் அவர் சொன்னது கண்ணில் பட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளில் பெண்கள்தான் இருந்தார்கள். சாமிநாதன் ஓடிவந்து வரவேற்றார். நாற்பது வயது இருக்கும், சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. நேராகச் செடிகளிடம் கூட்டிப்போனார். பழைய ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் மஞ்சள் பூவும் காயுமாகப் புதர்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் யாரும் துவரை என்றுதான் சொல்வார்கள். எனக்கே ஒரு கணம் நாக்கில் சாம்பார் ஊறியது, பொய் சொல்லவில்லை.

கிட்டே போய் ஒரு கொத்தைப் பறித்து, லென்ஸும் ஊசியும் எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பெயரைக் கடைசியில்தான் எழுத வேண்டும். முதலில் கையில் இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும். அன்று நான் எழுதியது இது:

குறுமரம் போன்ற செடி, எட்டடி உயரம். இளந்தண்டில் படிந்த பட்டு ரோமம். ஒரு காம்பில் மூன்று இலைகள், நடு இலை மூன்று விரல் நீளம். இலையின் அடியில் ரோமம் உண்டு, பிசின் புள்ளிகள் இல்லை. கிளை நுனியில் ஒரு சாண் நீளப் பூங்கொத்து. பூ மஞ்சள், மேலிதழில் செம்பழுப்புக் கோடுகள். அடியிதழ்கள் சேர்ந்து படகு போலாகி, நுனியில் முறுக்கிய அலகாக நீள்கின்றன. மகரந்தக் கேசரங்கள் பத்தும் அடியில் ஒரே உறையாக ஒட்டியவை. மகரந்தப் பைகள் இரண்டு விதம், ஐந்து நீளம், ஐந்து உருண்டை. காய் ஊதிப் பருத்தது. முற்றியதும் விதை உள்ளே கழன்று ஆட்டினால் ஒலிக்கும். ஒரு காயில் பதினைந்து விதை வரை, கோணலான இதய வடிவம், பளபளப்பான பழுப்பு.

துவரைக்கும் மூன்று இலைதான், மஞ்சள் பூதான், செங்கோடும் உண்டு. அதோடு ஒற்றுமை முடிந்தது. துவரை இலையின் அடியில் பிசின் புள்ளிகள் இருக்கும், கசக்கினால் விரலில் மணம் ஒட்டும். கேசரங்களில் ஒன்பது ஒட்டியிருக்கும், ஒன்று தனியாக நிற்கும். காய் தட்டையாக, விதைக்கு விதை சாய்வான பள்ளம் விழுந்திருக்கும், மூன்று முதல் ஐந்து விதைக்கு மேல் அரிது. இரண்டும் ஒரே பெரிய அவரைக் குடும்பம்தான். ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்கிற அளவுக்கு நெருக்கமில்லை. என் முன்னால் இருந்தது கிலுகிலுப்பை இனம், குரோட்டலேரியா. அதிலும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த அனகைராய்டிஸ் என்ற வகை. தழை உரத்துக்காக வெள்ளைக்காரத் துரைமார் விதைத்தது.

"இது துவரை இல்லை" என்றேன்.

சாமிநாதனின் முகம் சுருங்கிவிட்டது. "நல்லா பார்த்தீங்களா? உடைச்சா உள்ள மஞ்சளா இருக்கு."

"நீங்கள் துவரைச் செடியை எங்கே பார்த்திருக்கிறீங்கள்?"

"பார்த்ததில்ல. கிள்ளான்ல பொறந்தவன் நான். எங்க வீட்டுல பருப்பு சாக்குலதான் வரும், உடைச்சு, தோல் நீக்கி."

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் பிறந்த நம்மவர்களில் எத்தனை பேர் துவரைச் செடியைக் கண்டிருக்கிறோம்? நாளும் தின்கிறோம், கப்பலில் வந்த சாக்குக்கு அப்பால் தெரியாது. ஊரிலிருந்து வந்து, துவரங்காட்டில் நடந்து பழகிய ஆண்கள் அந்தத் தோட்டத்திலும் இருந்தார்கள். அவர்களைத்தான் இரண்டு லோரியில் ஏற்றிவிட்டார்களே. இருந்திருந்தால் ஒரு காயை ஆட்டிப் பார்த்துவிட்டு, கண்டக்டரைக் கேலி செய்தே கொன்றிருப்பார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "எனக்கும் தொவரச் செடி தெரியாதுங்க ஐயா. ஆனா கோழி செத்தது தெரியும்."

அவர் பெயர் பாக்கியம். மூன்றாம் லயன், மரவள்ளி வேலைக் கும்பலுக்குத் தலைவி. கணவர் சயாமில். கண்டக்டர் பேச்சைக் கேட்டு விதையை அடித்துத் தூற்றியபோது சிந்தியதை அவருடைய கோழிகள் பொறுக்கித் தின்றிருக்கின்றன. ஒன்பது நாளில் நாலு கோழியும் கொண்டை கறுத்து, வயிறு வீங்கிச் செத்துவிட்டன. "நான் சொன்னேன், இவரு கேக்கல. கோழிச் சீக்குன்னாரு. பக்கத்து வீட்டுக் கோழிய கூண்டுல போட்டு வச்சிருந்தாங்க, அது ஏன் சாவலன்னு கேட்டேன்." சாமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். இந்த இனத்தைத் தின்று மாடும் குதிரையும் ஈரல் கெட்டுச் செத்த குறிப்புகளைப் பழைய தாள்களில் படித்திருக்கிறேன். கோழிக்கு ஒன்பது நாள் என்றால் குழந்தைக்கு எத்தனை நாள்?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதிகாரி மோட்டாரில் வந்தார். விவரத்தாளைக் கொடுத்தேன். படிக்கவில்லை. ஒரு காயை உடைத்து, விதையை உள்ளங்கையில் உருட்டி, "காச்சாங். போலே மாக்கான்" என்றார். பயறுதானே, தின்னலாம் என்கிறார். பயறெல்லாம் தின்கிற பயறல்ல, இது விஷம் என்று எனக்குத் தெரிந்த பசார் மலாயில், கடைத்தெரு மலாயில், சொன்னேன். கோழிக் கதையையும் சொன்னேன். துவரை என்று அச்சடித்த படிவத்தை நீட்டிக் கையெழுத்து இடத்தைக் காட்டினார். மாட்டேன் என்றேன். கன்னத்தில் அறை விழுந்தது. கண்ணாடி பறந்து புல்லில் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் மாட்டேன் என்றேன். இரண்டாவது அறை முதலாவதைவிடப் பலம். அந்தப் படிவத்தில் என் பெயர் விழுந்தால் அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் என் பெயருக்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மத்தியானம் வந்து ஏக்கர் அளப்பேன், அதற்குள் கையெழுத்து இல்லாவிட்டால் உன் பெயர் சயாம் பட்டியலில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியம் ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார். "ஐயா, இத எதுக்குத்தான் வெதச்சாங்க?"

"தழை உரத்துக்கு. வெட்டி மண்ணிலே புதைக்கிறதுக்கு."

"எப்போ வெட்டணும்?"

"காய் முத்துறதுக்கு முந்தி."

"இது முத்திப்போச்சே. அப்ப ஏற்கெனவே லேட்டாச்சு" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஐம்பத்திரண்டு பெண்கள் பாராங் கத்தியோடு இறங்கினார்கள். நானும் ஒன்றை வாங்கிக்கொண்டேன். காயை உருவித் தனியே குவித்து எரித்தோம். தண்டையும் தழையையும் மரவள்ளிப் பாத்தியில் போட்டு மண் மூடினோம். என் உள்ளங்கை ஒரு மணி நேரத்தில் கொப்புளம் போட்டது. "பேனா புடிச்ச கை, பாவம்" என்று ஒருத்தி கிண்டலடிக்க, வரிசை முழுக்கச் சிரித்தது. சாமிநாதன் வெளியே வரவில்லை. எங்களைத் தடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். அவரால் முடிந்த தைரியம் அவ்வளவு, அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, சூரியனின் ஐந்து மணிக்கு, பதினோரு ஏக்கரில் ஒரு செடி நிற்கவில்லை. செடி காயவைக்கும் என் அழுத்துப் பலகைக்குள் இருந்த கொத்து மட்டும்தான் மிச்சம்.

திங்கள் வந்த அதிகாரி மொட்டை நிலத்தைப் பார்த்து நின்றார். பிறகு கத்தினார். யார் வெட்டச் சொன்னது என்று மலாயில் மூன்று தரம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் ஓரடி முன்னால் வந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துப் பலகையில் எங்கள் அலுவலகமே எழுதி ஒட்டிய அறிவிப்பைக் கையால் காட்டினார். மரவள்ளியைப் பெருக்குங்கள், தழை உரம் போடுங்கள் என்று தமிழிலும் மலாயிலும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஒரத்துக்கு வெதச்ச செடி, ஒரமா போட்டுட்டோம். உங்க போர்டுதான் தொர, நாங்க மீறல."

மலாயில் அதையே திரும்பச் சொன்னார். பின்னால் ஐம்பத்தோரு பெண்கள், வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், கையில் பாராங். யாரும் அதைத் தூக்கவில்லை, யாரும் கீழே வைக்கவும் இல்லை. அதிகாரி பலகையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறினார். அந்தத் தோட்டத்தின் அரிசி கூடவில்லை. ஆனால் துவரையைக் காட்டி ஒரு மணி அரிசியும் குறைக்க முடியவில்லை. ஆறு வாரம் சயாம் பட்டியலுக்காகத் தூக்கமில்லாமல் காத்திருந்தேன். என் பெயர் வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

திரும்பி வர அதே வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் கூலி பேசவே இல்லை, ஏறுங்க என்றார்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ரயிலைப் பிடித்தால் அன்றே திரும்பிவிடலாம். ஐந்து மைலும் நிழலான பாதை, நடக்கலாம், அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்ளுங்கள். செடி ஓரங்களில் மறுபடி முளைத்திருக்கிறது, வருஷம் முழுக்கப் பூக்கும். ஊசியும் லென்ஸும் மறக்க வேண்டாம். பூவைப் பிரித்துக் கேசரத்தை எண்ணாமல் பெயர் எழுதாதீர்கள், எதிரே நிற்பவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. மாணவர்கள் விதையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பாக்கியம் இருக்கிறார். அவர் கணவர் வரவில்லை, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அந்தக் கொத்தைக் காயவைத்து ஒட்டி, போன மாதம் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். புதிதாக வந்த வெள்ளைக்கார மேலதிகாரி தாளைப் படித்துவிட்டு, எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் விஞ்ஞானம் இல்லை, அடித்துவிடு என்றார். மாட்டேன் என்றேன். இவர் அறையவில்லை. தாள் அலமாரியில் இருக்கிறது, போய்க் கேட்டால் காட்டுவார்கள். கடைசி வரி இது: "உண்ணத் தகாதது. கண்டறிந்தவர்: பாக்கியம், மூன்றாம் லயன்."