பஸ் ஸ்டாண்டில் கேட்ட என் பெயர்

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் பிழையாகத்தான் வாசிப்பீர்கள், எனக்கும் கோபம் வரும். நடுவில் ஒரு ழகரம் இருக்கிறது, பிழை விட அது காணும். அப்பா ஏதோ பழைய புத்தகத்தில் தேடிப்பிடித்து வைத்த பெயர். திருகோணமலை முழுக்கத் தேடினாலும் அந்தப் பெயரில் அன்றைக்கு நான் ஒருத்திதான்.

ஆனால் ஒருவர் வாயிலும் அது ஒழுங்காக வராது. வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்ட ஆசிரியர்கள்கூட ளகரத்தைப் போட்டு முடித்துவிடுவார்கள். அப்பாவுக்கு வரும். அவருக்குப் பிறகு என் கூட்டாளி ஒருத்திக்கு வந்தது. டியூஷனில் பக்கத்துக் கதிரை, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா கூப்பிடுவதைக் கேட்டு, வாயைக் கோணலாக்கிச் சிரித்துச் சிரித்துப் பழகினாள். பழகியபின் விட்டாளா? துறைமுக வீதி நீளத்துக்கும் கத்திக்கொண்டு வருவாள். “மெல்லடி, மானம் போகுது” என்பேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமை!

பரீட்சை முடிந்த கையோடு அவளுக்குக் கலியாணம், உடனே மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் பயணம். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அழுது, கோபித்து, “இனி அவவோட கதையில்லை” என்று அவள் தங்கச்சியிடமே சொல்லிவிட்டேன். கோபம் பிறகு போய்விட்டது. அதற்குள் தொடர்பும் போய்விட்டது.

நான் பாலர் பாடசாலை டீச்சர் ஆனேன். அந்த நேரம் பார்த்து இந்தியாத் தொலைக்காட்சி நாடகமொன்றில் என் பெயரில் ஒரு கதாநாயகி வந்தாள், அவ்வளவுதான். நிலாவெளியிலும் அந்தப் பெயர், மூதூரிலும் அந்தப் பெயர். நாலைந்து வருசத்தில் என் வகுப்பிலேயே மூன்று குஞ்சுகள். பள்ளி விட்டதும் தாய்மார் கேற்றடியில் நின்று கூப்பிடுவார்கள். நான் விசுக்கென்று திரும்புவேன். “ஐயோ டீச்சர், உங்களையில்லை, பிள்ளையைக் கூப்பிட்டனான்!” நாளாந்தம் இந்தக் கூத்து. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில், யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று பழகிக்கொண்டேன்.

போன ஆனி மாதம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நிலாவெளி பஸ்ஸுக்கு நிற்கிறேன். கையிலிருந்த வாழைப்பழப் பையை, டவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து முகர, அதைத் துரத்திக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். ழகரம் அட்சர சுத்தம். ‘பரவாயில்லையே, இந்தத் தாய்க்காவது நாக்கு வளையுது’ என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது, இன்னும் உரத்து. யாரோ பிள்ளை சொல்வழி கேளாமல் ஓடுது போல என்று சிரித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

தை மாதம் என் கூட்டாளியின் தங்கச்சி தன் மகளை எங்கள் பள்ளியில் சேர்க்க வந்தாள். கதையோடு கதையாகத் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள்: “ராத்தா லீவில வந்துட்டுப் போனவ டீச்சர். உங்களைப் பஸ் ஸ்டாண்டில கண்டு கூப்பிட்டவவாம். நீங்க திரும்பியும் பார்க்கல்லையாம். இன்னும் கோபம்போல எண்டு சொல்லிச் சொல்லி அழுதவ.”

தங்கச்சியிடம் இலக்கம் வாங்கி, பிள்ளைகள் போன கையோடு கோல் எடுத்து, நான்தான் என்றேன்.

“சொல்லுங்க டீச்சர், சுகமா இருக்கீங்களா?” என்றாள்.

டீச்சராம்! நீங்களாம்! நாடகக் கதை, கேற்றடிக் கதை, மூன்று குஞ்சுகள் கதை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “அதுக்கென்ன, பரவாயில்ல” என்றாள். பிள்ளைகளைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் மரியாதையாகக் கதைத்தாள். ஒருதரமாவது என் பெயர் அவள் வாயில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அதைச் சரியாகச் சொல்ல அவளை விட்டால் யார்?

“முந்தி மாதிரி ஒருக்கா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடடி” என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

“கூப்பிட்டன்தானே” என்றாள்.