பேப்பர்ல முந்நூத்தி இருபது

முந்நூத்தி இருபது கிலோமீட்டர்னு ஷோரூம் சுவத்துல கையகல எழுத்துல ஒட்டியிருந்தாங்க. விளம்பரப் பேப்பர்லயும் அதே நம்பர், விக்கிற ஆளு வாயிலயும் அதே நம்பர். ஒரு தடவ முழுசா சார்ஜ் போட்டா அவ்வளவு தூரம் ஓடுமாம். நான் நம்பினேன். எனக்கு அம்பத்தி நாலு வயசு, முப்பது வருஷமா ஈப்போவுல கையுறை ஃபேக்டரில வேல, என்னை யாரும் சுலபமா ஏமாத்த முடியாதுன்னு நெனச்சிட்டிருந்தவ. நல்லா ஏமாந்தேன். அத மறைக்கப் போறதில்ல.

வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. அவர் இருந்தவரைக்கும் அவர்தான் காரு ஓட்டுவாரு, நான் பக்கத்துல உக்காந்து இல்லாத பிரேக்க மிதிப்பேன். அவர் போனப்பறம்தான் நானே ஓட்ட ஆரம்பிச்சேன். அந்தப் பழைய காடி இனிமே தாங்காதுன்னு ஆனதும் சின்னதா ஒரு மின்சாரக் காடி எடுத்தேன், வெள்ளக் கலரு. நானா பாத்து, நானா பேசி, எனக்குன்னு எடுத்த மொத பெரிய சாமான் அதுதான். சாவிய கையில குடுத்தப்ப அழுகையே வந்துடுச்சு, வெக்கமில்லாம சொல்றேன். சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தாங்க. தெலுக் இந்தான் வீட்லேர்ந்து ஈப்போ கோயிலுக்குப் பொண்ணக் கூட்டிட்டு வர்ற காடிய பெரியம்மாதான் ஓட்டணும்னு அந்தப் புள்ள என்கிட்ட கேட்டிருந்தா. அதுக்காகவே சீக்கிரமா எடுத்தேன்.

புதுக் காடி எடுத்தா எங்க குடும்பத்துல மொத பூச தோட்டத்து முனியாண்டிக்குத்தான். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம். தோட்டம்னு சொல்றோமே ஒழிய, அங்க இப்ப ரப்பர் எடுத்த பால்மரமும் கெடையாது, ஆளுங்க குடியிருந்த லயமும் கெடையாது, பாக்கற பக்கமெல்லாம் எண்ணெய் எடுக்கற செம்பன. கோயில் மட்டும் நிக்குது. ஆனா எங்காளுங்க எந்த ஊர்ல காடி எடுத்தாலும் அங்க கொண்டு வந்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டுத்தான் போவாங்க. இதுல ஒரு கட்டாயம் உண்டு. பூச போட்ட வண்டி நேரா வீடு போயிச் சேரணும். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது, ஒரு தே தாரே குடிக்கக்கூட நிறுத்தக் கூடாது. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, மீறவும் மாட்டாங்க.

அன்னிக்குக் காலையில ஈப்போவுலேர்ந்து என்கூட வந்தது சித்தியும் சித்தி மருமகளும். சித்தி எங்கம்மாவோட தங்கச்சி, எழுபது தாண்டியாச்சு. சித்தப்பா இன்னும் கல்லாட்டம் இருக்காரு, அதனால குடும்பத்துல எந்த நல்ல காரியமா இருந்தாலும் தட்டத் தூக்கறது சித்திதான். தெலுக் இந்தான்ல என் தங்கச்சியையும் அவ மகளையும் ஏத்திக்கிட்டோம், ரெண்டு நாளு ஈப்போவுல என் வீட்ல தங்கறதா ஏற்பாடு. ஆக அஞ்சு பேரு. அதுவும் பத்தாதுன்னு, ஹுத்தான் மெலிந்தாங்ல றால் மலிவுன்னு சித்தி ஒரு பொட்டி நெறைய ஐஸ் போட்டு வாங்கிப் பின்னால ஏத்துனாங்க. "பூசைக்கப்பறம் நிக்க முடியாதுலா, இப்பவே வாங்கிட்டாதான் உண்டு"ன்னாங்க.

கோயில்ல பூசாரி சூடம் காட்டி முடிச்சு, வண்டிய எடுக்கச் சொன்னாரு. சித்தி என் கையில இருந்த சாவிய பாத்துட்டு, "மொத மொதல்ல பழத்து மேல ஏத்தறது ஒரு சுமங்கலி கையா இருக்கட்டுமேம்மா. மருமக ஏத்தட்டும்"னாங்க. மருமகளுக்கு லைசென்ஸே கெடையாது! அவ பயந்து ரெண்டு எட்டு பின்னால போயிட்டா. "நான் எடுத்த காடி சித்தி, நானே ஏத்திக்கிறேன்"னு உக்காந்து ஏத்தினேன். நாலு பழமும் நல்லா நசுங்குச்சு. சித்தி மூஞ்சியும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆச்சு. அப்பறம் அன்னதானம் முடியற வரைக்கும், வெயில் தாங்கலன்னு அவங்க காடிக்குள்ளயே ஏர்கோன் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க.

திரும்பி தெலுக் இந்தான் வந்தப்ப, இன்னும் நூத்திப் பத்து கிலோமீட்டர் ஓடும்னு முன்னால திரையில காட்டுச்சு. என் வீட்டுக்கு எண்பத்தஞ்சு. அங்க ஒரு பேரங்காடியில சார்ஜ் போடற எடம் இருக்கு, எனக்குத் தெரியும். "அர மணி நேரம் போட்டுட்டுப் போலாமா?"ன்னேன். "ஐயையோ, பூச போட்ட வண்டிடி!"ன்னு சித்தி கத்துனாங்க. சரி, நூத்திப் பத்து இருக்கேன்னு நானும் விட்டுட்டேன். சாமிக்குப் பயந்ததுகூடப் பெரிய தப்பில்ல, அந்தத் திரைய நம்புனேன் பாருங்க, அதுதான் முட்டாள்தனம்.

கொஞ்ச தூரத்துலயே தெரிஞ்சு போச்சு. பத்து கிலோமீட்டர் ஓடுனா திரையில பதினஞ்சு கொறையுது. ஏர்கோன அடச்சேன். கண்ணாடிய எறக்குனேன். சித்தி முந்தானையால விசிறிக்கிட்டு, "காசு குடுத்து வாங்குன காடில வேத்து ஊத்துது"ன்னாங்க. தஞ்சோங் துவாலாங் தாண்டி, பத்து காஜா ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கறப்ப, காடி மெதுவாகி மெதுவாகி ரோட்டோரமா நின்னுடுச்சு. காலையில முழு சார்ஜோட கெளம்பி, மொத்தம் ஓடுனது நூத்தி எண்பத்தெட்டு கிலோமீட்டர்.

இழுத்துட்டுப் போற லாரி வர ரெண்டு மணி நேரம். அஞ்சு பொம்பளைங்க செம்பன நெழல்ல நிக்கறோம், றால் பொட்டியிலேர்ந்து ஐஸ் தண்ணி ஒழுகுது. அப்ப சித்தி, என் தங்கச்சி மககிட்ட சொல்ற மாதிரி, எனக்குக் கேக்கற மாதிரி சொன்னாங்க. "நான் அப்பவே சொன்னேன். தாலியறுத்தவ கையால பழத்த நசுக்குனா வண்டி எப்படிப் போகும்?"

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. சார்ஜ் போட விடாம தடுத்தது யாரு? தென்ன மரத்துல தேள் கொட்டினா பன மரத்துல நெறி கட்டுச்சாம். பேட்டரி தீர்ந்ததுக்கு என் கழுத்துல தாலி இல்லாதது காரணமாம்! அந்த நேரத்துல நான் வாயத் தொறந்திருந்தா றாலோட சேத்து சித்தியையும் ரோட்டுல எறக்கி வெச்சிருப்பேன்.

ரெண்டே நாள்ல சொந்தக்காரங்க எல்லாருக்கும் விஷயம் போயிடுச்சு. நரம்பில்லாத நாக்குதானே. பொண்ணு வண்டிக்கு வேற ஏற்பாடு பண்ணிடலாம்னு சித்தி முடிவே எடுத்துட்டாங்க. அது கூட எனக்கு வலிக்கல. தங்கச்சி போன் பண்ணா பாருங்க, அதுதான். அவ புருஷனும் ரெண்டு வருஷத்துக்கு முந்தி போயிட்டாரு. "கோவிச்சுக்காதக்கா. நீயும் இப்படி, நானும் இப்படி. நல்ல காரியத்துல நாம ரெண்டு பேரும் ஓரமா நின்னுக்கலாமே. நான் வேன்ல பின்னால வாரேன், நீயும் என்கூடயே வந்துடு"ன்னா. பெத்த மக கல்யாணத்துக்குப் பின்னால வர்றாளாம்! போன வெச்சிட்டு ஃபேக்டரி கழிவறையில உக்காந்து அழுதேன். அழுது முடிச்சதும் கோவம் வந்துச்சு. எனக்குக் கோவம் வந்தா நல்லா வேல ஓடும்.

மொதல்ல ஷோரூமுக்குப் போனேன். வித்த ஆளு நம்மாளுதான், டை கட்டிக்கிட்டு தண்ணி குடுத்து உக்கார வெச்சாரு. "மேடம், அந்த நம்பர் டெஸ்ட் பண்ற ரூம்ல எடுத்தது. ஏர்கோன் எவ்வளவுல வெச்சீங்க? எத்தன பேரு ஏறுனீங்க? உங்க கால் கொஞ்சம் அழுத்தி மிதிக்கும் போல"ன்னாரு.

"இந்த ஊர்ல ஏர்கோன் இல்லாம எவன் ஓட்டுவான், நீங்க ஓட்டுவீங்களா? அஞ்சு சீட்டு வெச்சு வித்துட்டு அஞ்சு பேரு ஏறுனா தப்பா? அப்ப அந்த முந்நூத்தி இருபது யாருக்கு?"

அவர் சிரிச்சாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஷோரூம்காரரு என் கால கொற சொன்னாரு, சொந்தக்காரங்க என் நெத்திய கொற சொன்னாங்க. அந்த நம்பர மட்டும் ஒருத்தரும் கொற சொல்லல.

நான் ஃபேக்டரில பாக்கற வேல என்னன்னா, கையுறைய சோதிக்கறது. பொட்டி மேல என்ன எழுதியிருந்தாலும் எங்களுக்குக் கணக்கில்ல. கையுறைக்குள்ள தண்ணிய ஊத்தித் தொங்க விட்டு, ஒழுகுதா இல்லையான்னு கண்ணால பாத்தாதான் பாஸ். முப்பது வருஷமா இதையே செஞ்சவ, ஒரு காடிய மட்டும் சுவத்துல ஒட்டுனதப் பாத்து வாங்கியிருக்கேன். நெனச்சா எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

பத்து தண்ணித் தோங்க எடுத்தேன், இருபது லிட்டர் புடிக்கற பிளாஸ்டிக் டப்பா. ரொப்பி, சீட்டுல அடுக்கி, பெல்ட்டு போட்டேன். நாலு ஆளு கனம் கிட்டத்தட்ட வந்துடுச்சு. லீவு நாளெல்லாம் ஓட்டம்தான். சிலிம் ரிவர் வரைக்கும் ஹைவேல ஒரு நாளு, தெலுக் இந்தானுக்கு உள்ரோட்டுல ஒரு நாளு, மழையில ஒரு நாளு, ஏர்கோனோட, ஏர்கோன் இல்லாம. ஒரு தடவ ரோட்டுத் தடுப்புல போலீஸ்காரர் எட்டிப் பாத்துட்டு, முன் சீட்டுல பெல்ட்டு போட்டு உக்காந்திருந்த தோங்கக் காட்டி யாரு இதுன்னு கேட்டாரு. "எங்க சித்தி"ன்னு மலாய்லயே சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சிட்டுப் போகச் சொன்னாரு.

எல்லாத்தையும் நாள்காட்டித் தாளுக்குப் பின்னால எழுதி வெச்சேன். முழு கனத்தோட ஹைவேல நூத்தி எண்பத்தஞ்சு. உள்ரோட்டுல மெதுவா போனா இருநூத்திப் பத்து. நான் மட்டும் தனியா, ஏர்கோன் இல்லாம, மாட்டு வண்டி மாதிரி போனப்ப இருநூத்தி எழுபது. முந்நூத்தி இருபது ஒரு நாளும் வரல. முனியாண்டியே வந்து ஓட்டுனாலும் வராது. ஏட்டுச் சொரக்கா கறிக்கு உதவுமா?

அதுல ஒரு நகல ஷோரூம்ல குடுத்து, சுவத்துல அந்தப் பெரிய நம்பருக்குப் பக்கத்துல ஒட்டச் சொன்னேன். ஒட்டல. கம்பெனி மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டேன், இன்னும் பதில் வரல, நானும் விடறதா இல்ல. காடிய மட்டும் திருப்பிக் குடுக்கல. காடி நல்ல காடிதான், நம்பர்தான் பொய்யி.

இன்னொரு நகல எடுத்துட்டுப் போயி சித்தி வீட்டு மேசையில விரிச்சேன். "எனக்கு இதெல்லாம் புரியாதும்மா"ன்னாங்க. "புரியலன்னா வாய மூடிட்டு இருந்திருக்கலாமே சித்தி. பழி சொல்ல மட்டும் எப்படிப் புரிஞ்சுது?"ன்னேன். அவங்கள அப்படிப் பேசினது அதுதான் மொத தடவ. அன்னிக்குச் சாயங்காலமே தங்கச்சி மக போன் பண்ணி, "பெரியம்மா ஓட்டலன்னா நான் பஸ்ஸுல கோயிலுக்குப் போயிடுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்"ன்னா. பொண்ணு வாயிலேர்ந்தே வந்ததுக்கப்பறம் யாரு என்ன சொல்ல முடியும்?

கல்யாணத்துக்கு மொத நாளே தெலுக் இந்தான் போயிட்டேன். அந்தப் பேரங்காடியில காடிய நிறுத்தி, சாவகாசமா ஒரு தட்டு மீ சாப்பிட்டுக்கிட்டே முழுசா சார்ஜ் போட்டேன். காலையில காடிக்கு மால போட்டு வாசல்ல கொண்டு வந்து நிறுத்தினேன். பொண்ணும் தோழியும் பின் சீட்டுல ஏறுனாங்க. சித்தி பட்டுச் சேலையோட வந்து முன் கதவத் தொறக்கப் போனாங்க. பொண்ணு வண்டில முன்னால ஒரு சுமங்கலி உக்காரணுமாம்.

"அந்த சீட்டுக்கு ஆளு இருக்கு சித்தி"ன்னேன்.

என் தங்கச்சி அதுக்குள்ள வேனோட கடைசி வரிசையில போயி ஒடுங்கி உக்காந்துட்டா. நான் கண்ணாடிய எறக்கி, தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கூப்புட்டேன். "ஏய், எறங்கி வாடி இங்க!"

அவ அங்கேர்ந்தே வேணாம்னு தலைய ஆட்டுனா. சித்தி, "நல்ல நேரம் போவுதும்மா, வண்டிய எடு"ன்னாங்க. "இவ ஏறாம இந்தக் காடி நகராது. பேட்டரி நெறைய இருக்கு, ஏர்கோன் போட்டுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன்"ன்னேன். சொந்தக்காரங்க எல்லாம் வாசல்ல நின்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பின் சீட்டுலேர்ந்து பொண்ணு, "அம்மா, வாங்கம்மா"ன்னா. அதுக்கப்பறம்தான் அவ எறங்கி வந்தா. ஏறி உக்காந்து, பெல்ட்டு மாட்டத் தெரியாத மாதிரி தடுமாறிக்கிட்டே அழுதா. நான் மாட்டி விட்டேன்.

கோயில் வாசல்ல பொம்பளைங்க ஆரத்தித் தட்டோட நின்னாங்க. அவ கதவுல கைய வெச்சிட்டு என்னைப் பாத்தா. "நீ மொதல்ல எறங்கு. பெத்தவ நீதானே"ன்னேன். எறங்குனா. சுத்திப் போயி மகளுக்குக் கதவத் தொறந்து விட்டு, அவ கையப் புடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் முன்னால நடந்தா. யாராவது ஒரு வார்த்த சொல்லட்டும் பாக்கலாம்னு, காடிய அப்படியே விட்டுட்டு, நான் அவ பின்னாலயே போனேன்.