பன்றி சொன்ன சாட்சி

பேஷன்ஸ் கம்பாவின் பன்றிகளுக்கு வலது காதில் ஒரு பிளவு, இடது காதில் ஒரு துளை. எங்கள் வர்ஜீனியாக் கரையில் பன்றிகளைக் கட்டிப்போடும் வழக்கம் இல்லை. காட்டில் ஓக் மரத்துக் கொட்டைகளைத் தின்று தாமாக வளரும். எது யாருடையது என்று காதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காதையே அறுத்துவிட்டால்?

அந்த இலையுதிர் காலத்தில், பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஆம்ப்ரோஸ் பில்பி அதைத்தான் செய்தார். இரண்டு காதையும் பாதியாக நறுக்குவது அவருடைய அடையாளம். என்ன வசதி பாருங்கள்! எந்த வீட்டு அடையாளத்தையும் அது விழுங்கிவிடும். பேஷன்ஸ் அக்காவின் தாய்ப்பன்றி குட்டிகளோடு அவருடைய அடைப்புக்குள் போய்விட்டது. அக்கா கணவனை இழந்தவள். இரண்டு மகள்களோடு சோளமும் புகையிலையும் பயிரிட்டு வந்தாள். பன்றி போனால் குளிர்காலம் முழுக்க மூவருக்கும் வெறும் சோளக்களிதான்.

நான் அடுத்த நிலத்துக்காரி. பில்பி காதை நறுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்து என்ன பயன்? நானும் அக்காவைப் போல விடுதலை பெற்ற கறுப்பி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்; வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சொல் செல்லாது என்று எங்கள் வாய்க்குச் சட்டம் பூட்டுப் போட்டிருந்தது.

அக்காவின் புகாரை விசாரிக்க வந்த அதிகாரி குதிரையிலிருந்து இறங்கவே இல்லை.

"சாட்சி யாராச்சும் உண்டா? வெள்ளக்காரங்க?"

"பன்னி இருக்குதுங்கய்யா," என்றாள் அக்கா. "எங்க வாயத்தான சட்டம் மூடுச்சு? பன்னி வாய மூடலையே."

அதிகாரி சிரித்துவிட்டார். பில்பி சிரிக்கவில்லை.

யார் கூப்பிட்டால் பன்றி வருகிறது என்று பார்க்க அடைப்பைத் திறந்தார்கள். பில்பி கை நிறையச் சோளத்தோடு கொஞ்சிக் கூப்பிட்டார். வேலிக்கு அப்பால் வெறுங்கையோடு நின்ற அக்கா, "முகாம்பூ... ஓ...!" என்று நீட்டி ஒரு குரல் கொடுத்தாள். சிந்திய சோளத்தை மிதித்துக்கொண்டு பன்றி ஓடி வந்தது. குட்டிகளும் பின்னாலேயே வந்தன.

"ஓட்டிக்கிட்டுப் போ," என்றார் அதிகாரி.

எனக்குப் புதுக் கவலை பிடித்தது. ஊரறியக் கூவிவிட்டாளே, இனி யார் வேண்டுமானாலும் கூப்பிடலாமே! நான் பயந்தபடியே, மறுநாள் பில்பி காட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "முகாம்பூ!" ஒரு குட்டிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கத்தி, குரல் கட்டி, ஓய்ந்தார்.

கேட்காவிட்டால் என் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. சோளம் உரித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, முகாம்புங்கிறது அந்தப் பன்னி பேரா?"

"போடி கிறுக்கி. பன்னிக்கு எவளாச்சும் பேரு வைப்பாளா? அப்புறம் எப்படி வெட்டித் திங்கிறது?"

"பின்ன?"

"என் பேருடி."

பேஷன்ஸ் என்பது ஞானஸ்நானத்தின்போது அப்பாவின் எஜமானி இட்ட பெயராம். அங்கோலாவிலிருந்து கப்பலில் வந்த அப்பா, மகளுக்குத் தானாக வைத்தது முகாம்பு. அவர் போன பிறகு அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

"பன்னிய நான் கூப்பிடுறதே இல்ல. வந்திருக்கிறது இன்னாருன்னு சொல்லுவேன், அதுங்க என் குரலுக்கு வரும். அவ்ளோதான்," என்றாள். கை மட்டும் சோளத்தை உரித்துக்கொண்டிருந்தது. "எங்கப்பா செத்தப்புறம் என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மொத ஆளு அந்தத் திருட்டுப் பயதான். மொத நாளு அவன் கத்துனதும், வாசல் வரைக்கும் ஓடிட்டேன்டி."