பந்தியில் தொடாத சோறு

என் அண்ணன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டே சோற்றை விட்டவன். அறுபதுகளின் நடுவில், ஊரே அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில், செஞ்சியில் இப்படி ஒருவன் இருந்தான் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. மாட்டு வண்டி அச்சில், பழைய இயந்திரத்தின் இரும்புச் சக்கரங்களை இரண்டு பக்கமும் மாட்டி, அண்ணனும் அவன் கூட்டாளியும் அதில் எடை தூக்கிப் பழகினார்கள். கூட்டாளி விழுப்புரத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து ஓர் இங்கிலீஷ் பத்திரிகை வாங்கி வந்தான். சோறு, கூழ், சர்க்கரை எல்லாம் விட்டு முட்டையும் கறியும் நெய்யும் கீரையும் தின்றால் கொழுப்பு இறங்கும், பலம் நிற்கும் என்று அதில் போட்டிருந்ததாம். அவன் படித்த இங்கிலீஷுக்கு அதில் வேறு ஏதாவது போட்டிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அண்ணனுக்கு ஒரு கணக்கு இருந்தது. விழுப்புரத்தில் பளு தூக்கும் போட்டி வைக்கப் போகிறார்கள். உடம்பு எடையைப் பார்த்துத்தான் ஆட்களைப் பிரிப்பார்கள். அவன் கொஞ்சம் இளைத்தால் கீழ்ப் பிரிவில் நிற்கலாம். அங்கே அவனை அடிக்க ஆள் இல்லை. ஜெயித்தவனுக்கு மெட்ராஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை நிச்சயம் என்று பேச்சு. நைனா செத்த பிறகு மூட்டைக்குக் கீழேயே வளர்ந்தவனுக்கு அந்தப் பேச்சு போதும்.

முதல் சில வாரம் அவன் படுத்திய பாடு! தலைவலி, எரிச்சல், வாயில் அழுகின பழம் மாதிரி ஒரு வாடை. முன்பு தூக்கிய எடையைக்கூடத் தூக்க முடியவில்லை. காற்றுக் கருப்பு பட்டிருக்கும், அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டிப் போ என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நாங்கள் வேதக்காரர்கள்; அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியதோடு நிறுத்திக்கொண்டாள். ஏரி மீன், ஆட்டுக் குடல், முட்டை, மோர் என்று அவனுக்குத் தனி அடுப்பு எரிந்தது. எரித்தது நான்தான். மல்லாட்டைக் கடலை காய்கிற முற்றத்தில் நடந்தாலும் ஒரு கைக்கு மேல் எடுக்க மாட்டான். அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவன் ஆறு முட்டை தின்றுவிட்டு எழுந்தாலும், "இன்னும் ஒண்ணும் சாப்டல என் புள்ள" என்பாள். மெல்ல உடம்பு பழகியது. எடை இறங்கியது, பலம் திரும்பி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

இதற்கிடையில் எனக்கு அனந்தபுரத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். அவரை நான் முன்பே பார்த்திருந்தேன். வயதான ஒருத்தி காய்கறிக் கூடையோடு இறங்கத் தடுமாறியபோது, திட்டாமல், விசில் கொடுக்காமல், கூடையை இறக்கித் தலையில் ஏற்றிவிட்டார். கண்டக்டர்களில் அப்படி ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பேசி நின்று போயிருந்தது. இதுவும் நின்றால் பெண்ணிடம் குறை என்று ஊர் முடிவு கட்டிவிடும். கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிட்டால் தேவலை என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்களில், பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காப்பித் தண்ணியோடு சரி. முடிந்த பிறகுதான் கை நனைப்பார்கள். அன்றைக்குப் பெண் வீட்டுத் தலைக்கட்டும் மாப்பிள்ளையின் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டும். அதுதான் சம்மதம். நைனா இல்லாததால் எங்கள் தலைக்கட்டு அண்ணன். கை நனைக்க அவர்கள் குறித்த நாளோ போட்டிக்கு மூன்று நாள் முன்னால்.

"ஒரு நாளைக்கு சாப்புடுடா" என்று அம்மா கெஞ்சினாள்.

"கறியத் தின்னுட்டு எழுந்துக்கிறேன். யாரு என் எலையப் பாக்கப் போறாங்க?" என்றான் அண்ணன்.

பார்த்தார்கள். நான் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தேன். அண்ணன் கறியை எடுத்தான், முட்டையை எடுத்தான், சோற்றை விரலால்கூடத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா பிசைந்த கையை நிறுத்தினார்.

"இன்னாப்பா, சோத்துல கையே வக்கல?"

"நான் சோறு சாப்புடறதில்லீங்க, மாமா."

"சோறு சாப்புடாம?"

"ஞாயித்துக்கெழம பளு தூக்குற போட்டி இருக்குது. எடை ஏறிடும்."

அவருக்கு அது பதிலாகவே படவில்லை. பக்கத்தில் இருந்த அவர் தம்பி, "பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லிடணும். எலை போட்டு ஒக்கார வச்சு இப்டியா பண்ணுவீங்க?" என்றார். வரிசை முழுக்கக் கைகள் நின்றுவிட்டன. மாப்பிள்ளையின் அப்பாவுடைய இடது கை இலையின் ஓரத்துக்குப் போனது. இலை மடிந்தால் எல்லாம் முடிந்தது.

கல்யாணப் பெண் பந்திக்குள் வரக் கூடாது. நான் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்குப் பயமே இல்லை, கோபம்தான். அண்ணன் இலையில் கரண்டியால் அள்ளி வைத்தேன்.

"சாப்புடுண்ணா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. குழம்பை ஊற்றச் சொல்லிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். இலை ஓரத்துக்குப் போன கை திரும்பி வந்தது. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எம் புள்ளயோட மச்சானுக்கு இன்னும் போடும்மா, இன்னும் போடு" என்று மூன்று தரம் சோறு வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன். குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம்.

சனிக்கிழமை அண்ணன் இரண்டு சட்டை போட்டு, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் கோட்டை மலை ஏறி இறங்கினான். பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மாதக்கணக்கில் சோறு காணாத உடம்பு, கிடைத்த சோற்றோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று ரொம்ப வருஷம் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் எடை பார்த்தபோது அவன் கீழ்ப் பிரிவின் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றான். மேல் பிரிவில், அவனைவிடப் பெரிய ஆட்களோடு நிற்க வைத்துவிட்டார்கள். நன்றாகத்தான் தூக்கினான், இடம் எதுவும் வரவில்லை என்று கூட்டாளி வந்து சொன்னான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அண்ணன் வந்தான். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"சோறு இருக்குதா?" என்றான்.

போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். மறுநாளும் மூட்டை தூக்கத்தான் போகப் போகிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. கல்யாணம் நிற்கவில்லை என்ற சந்தோஷம்தான் உடம்பு முழுக்க இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று, குழம்பு எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.