மெஹருன் அக்கா வாசிக்க, நான் கேட்க

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டு மெஹருன் அக்கா மூன்று பழைய நோட்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி என் வாசலில் நின்றார்.

“வள்ளி, நான் படிக்கிறேன். இது தமிழான்னு மட்டும் சொல்லுலா.”

என்ன கேள்வி இது? அக்காவும் தமிழர்தானே?

விஷயம் இதுதான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் காலமான அவருடைய அத்தா, அதாவது அப்பா, வாழ்ந்த வீட்டில் ரிப்பேர் வேலை. அலமாரியை நகர்த்தினால், பின்னால் இந்த நோட்டுகள். முழுக்க அரபு எழுத்து, ஓரமெல்லாம் கரையான். பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் தம்பி யூசுப் போனிலேயே முடிவு சொல்லிவிட்டார். “வேத வரிகளா இருக்கும்க்கா. குப்பையில போடக் கூடாது. ஞாயித்துக்கிழமை வரேன், வெள்ளைத் துணியில சுத்தி மண்ணுல அடக்கிடுவோம்.”

அக்கா சும்மா ஒரு வரி வாசித்துப் பார்த்திருக்கிறார். அரபு மாதிரி இல்லை... அத்தா பேசுகிற மாதிரி இருந்ததாம்.

எனக்கும் வாசித்துக் காட்டினார். தமிழேதான்! அரபு எழுத்தில் எழுதிய தமிழ். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்களிடம் இருந்த வழக்கம்.

அக்கா படித்தது மலாய்ப் பள்ளி. தமிழ் எழுத்து தெரியாது, புத்தகத் தமிழ் புரியாது. குர்ஆன் ஓதப் போன பள்ளியில் கற்ற அரபு எழுத்து மட்டும் சரளம். எனக்கோ நேர்மாறு. ஆக, அவர் வாய், என் காது!

பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெரிய இஸ்லாமிய மார்க்க அறிஞரின் நூல்கள் அவை. மனத்தைச் சுத்தம் செய்வது பற்றி அவர் அரபியில் எழுதியதை, துணிக்கடை வைத்திருந்த அத்தா தமிழாக்கியிருக்கிறார்.

“அழுக்காறுன்னா? சுங்கை கோத்தோரா?” என்றார் அக்கா. மலாயில், அழுக்கான ஆறு.

“பொறாமை, அக்கா.”

“ரெண்டும் ஒண்ணுதான்லா.”

சிரித்தோம். ஆனால் அத்தா மேல் அவருக்கு ஒரு பழைய கோபம் இருந்தது. “கடையைச் சாத்திட்டு வந்தா எழுத்துதான். என்கிட்ட உக்காந்து பத்து வார்த்தை பேசினதில்ல.”

வெள்ளிக்கிழமை முதல் நோட்டின் கடைசிப் பக்கம். வாசித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மெதுவாக மறுபடி வாசித்தார். “தமிழ் எழுத்து அறியாத என் மகள் மெஹருன் படிப்பதற்காக, அவள் அறிந்த எழுத்தில், நான் அறிந்த பாஷையில் எழுதி முடித்தேன்...”



“குடுத்திருக்கலாம்ல?” என்றார் அக்கா. “இந்தா, படின்னு... ஒரு வார்த்தை?”

மூன்றாவது நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. மூன்றையும் முடித்துவிட்டுச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று இருந்தாரோ? நாமும் அப்படித்தானே — எல்லாம் முழுசாகட்டும் என்று எத்தனை பேருக்கு எதையெல்லாம் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை யூசுப் வெள்ளைத் துணியோடு வந்தார். “அடக்க விடமாட்டேன்” என்று சொல்லி, அக்கா அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினார்.

யூசுப் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அறுபது வயது மனிதர். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: “எனக்கு ஒண்ணும் எழுதலையாக்கா?”

அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “ரெண்டாவது நோட்டு, நாக்கால வர்ற கேடுங்களைப் பத்தி. அது உனக்குத்தான் தம்பி.”

கண்ணீரோடு சிரித்துவிட்டார் மனிதர். துணியை மடித்து நோட்டுகளுக்கு அடியில் விரித்தார்.

இப்போது ஞாயிறுதோறும் அக்கா வாசிக்கிறார், நான் பொருள் சொல்கிறேன், தமிழ் எழுத்து தெரிந்த யூசுப் லேப்டாப்பில் தட்டுகிறார். போன வாரம், அடுத்தவர் குறையைப் பேசுவது பற்றிய பகுதி. முடிந்ததும் டீ வந்தது. மூன்று பேருக்கும் அரை மணி நேரம் பேச விஷயமே கிடைக்கவில்லை!