காலியாக இருந்த கட்டம்

செஞ்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பதிவுகளைக் கவனிப்பது என் வேலை. அன்று காலையிலிருந்தே வார்டு நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்த இரு நோயாளிகளின் பெயர் திரையில் வரவில்லையாம். மறுபடி பதிந்துவிட்டதாகச் சொன்னார். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பிறகு போனில் கூப்பிட்டார். "சார், வல்லத்துலேர்ந்து வந்த அம்மா, போன தடவ இந்த ஊசி போட்டு மூஞ்சி வீங்கிடுச்சின்றாங்க. இங்க அலர்ஜின்னு ஒண்ணும் காட்டலயே."

நான் போனபோது ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது.

"நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்றார் அந்த அம்மாள். "கண்ணே தொறக்க முடியல. அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்கு மூஞ்சி வீங்குனாத்தான் தெரியும்."

ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தது. ஆனால் போன தடவை அந்த அம்மாளின் ஒவ்வாமையை டாக்டர் அதில் பதிந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர், போடாதீங்க" என்றேன்.

எங்கள் டேட்டாபேஸில் அட்டவணைகள் ஸ்கீமா என்ற அறைகளில் இருக்கின்றன. அறையைச் சொல்லாமல் அட்டவணையை மட்டும் கேட்டால், கேட்பவரின் லாகின் பெயரில் அறை இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லாவிட்டால்தான் பொது அறைக்குப் போகும். வார்டு கணினியின் லாகின் பெயர் 'வார்டு'. அந்தப் பெயரில் அறை கிடையாது என்பதால் இத்தனை காலம் எல்லாம் சரியாக நடந்தது.

முந்தின நாள் சென்னையிலிருந்து வந்த மென்பொருள்காரர், நர்ஸ்களுக்குப் பயிற்சி தர நோயாளிப் பதிவுகளின் பழைய பேக்கப் நகல் ஒன்றை ஏற்றியிருந்தார். அதற்கென்று ஓர் அறை திறந்து, பொருத்தமாக இருக்கட்டும் என்று 'வார்டு' எனப் பெயர் வைத்திருந்தார். உள்ளே அதே 'நோயாளி' அட்டவணை. அந்த அம்மாளுக்கு முகம் வீங்குவதற்கு முந்தைய காலத்துப் பதிவுகள்.

அட்டவணை கிடைக்காமல் போயிருந்தால் பிழை என்று காட்டியிருக்கும். கிடைத்துவிட்டது. அதனால் வார்டு கணினி பிழை எதுவும் சொல்லாமல் பழைய பதிவையே காட்டியது.

அறையின் பெயரை மாற்றினேன். திரையைப் புதுப்பித்ததும், ஒவ்வாமை உண்டு என்று கட்டம் சிவந்தது. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"அப்ப காலைல நான் போட்ட ஊசியெல்லாம்?" என்றார் மெதுவாக.

காலையில் அதே ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை ஒவ்வொருவராகத் தேடினேன். இம்முறை அட்டவணைக்கு முன்னால் பொது அறையின் பெயரையும் சேர்த்து எழுதினேன். முதல் ஆள் மேல்சித்தாமூர்க்காரர்.

கட்டம் சிவந்தது. நர்ஸ் அவர் எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.